மைஃப்ரீவியூ: சந்தாவும் இல்லை, முதலாளிகளும் அதிகமில்லை

2019 அக்டோபர் 31ஓடு மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு நின்றபின், ஏரியல் வழியே மாதக் கட்டணமில்லாமல் டிவி பார்க்க இருப்பது மைஃப்ரீவியூ என்ற டிஜிட்டல் சேவைதான். அந்த டிஜிட்டல் சிக்னலைப் பிடிக்கும் டிவிபி-டி2 ட்யூனர் டிவிக்குள்ளேயே இருந்தால் தனிப்பெட்டிக்குக் காசைக் கரைக்க வேண்டாம். யூஎச்எஃப் ஏரியல் போதும்.

கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் உடனே பெட்டியைத் திட்டாதீர்கள். கேபிள் நுனியைக் கழற்றிப் பாருங்கள். வெளிப்பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலே சிக்னல் செத்துவிடும். கம்பி பச்சை பூத்திருந்தால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புது எஃப் கனெக்டர் (கேபிள் நுனியில் மாட்டும் திருகு முனை) போடுங்கள். பிறகு ஏரியலை ஜன்னலோரம் நகர்த்தி மறுபடி ஸ்கேன். பூஸ்டர் கடைசி வழி; அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

படத்தில் குறையில்லை. குறை சேனல் பட்டியலில். டிவி3, 8டிவி, டிவி9 எல்லாம் மீடியா பிரிமா என்ற தனியார் ஊடகக் குழுமத்துடையவை. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், பெரித்தா ஹரியான் நாளிதழ்களும் அதே குழுமம். டிவி1, டிவி2 அரசாங்க ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்முடையவை. தமிழுக்கு டிவி2 செய்தியும் ஆர்டிஎம்மின் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம்மும். அதற்கு மேல் வேண்டுமா, செயற்கைக்கோள் டிவி நிறுவனமான ஆஸ்ட்ரோவுக்குப் போகணும்: அங்கே வானவில், விண்மீன் சேனல்கள், ராகா வானொலி மூன்றுக்கும் முதலாளி ஒருவரே. ரிமோட்டை அமுக்கினால் சேனல் மாறும், முதலாளி மாற மாட்டார். சந்தையை ஒருவரே வளைப்பதைத் தடுக்கும் 2010 போட்டிச் சட்டம் தட்டிக் கேட்காதா? ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்துக்குள் வரும் வணிகத்தை அது தொடாது. இந்த ஓட்டையைத்தான் முதலில் அடைக்கணும்.

பெட்டிக்கு நாலு நட்சத்திரம். சேனல் வரிசைக்கு ஒன்றரை, அதுவும் மின்னலுக்காக.