மாதுளையா, மாத்திரையா, பீடியை விடுவதா? பாராக்ஸனேஸை உயர்த்த எது தேவலை

கல்லீரலில் உற்பத்தியாகும் பாராக்ஸனேஸ்-1 என்ற நொதி, நல்ல கொழுப்பான எச்.டி.எல். மேல் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது. கெட்ட கொழுப்பு ஆக்ஸிஜனேற்றமடைந்து ரத்தக்குழாய்ச் சுவரில் சேராமல் இருக்க உதவுகிறது. ஆளுக்கு ஆள் இதன் செயல்திறன் பல மடங்கு மாறும். அதில் பெரும்பங்கு மரபணுவின் கையில். மிச்சத்துக்குத்தான் இத்தனை போட்டி.

முதலிடம் பீடி, சிகரெட்டை விடுவதற்கு. புகையில் உள்ள ரசாயனங்கள் நொதியையே நேரடியாகச் சேதப்படுத்துகின்றன. விட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் புகைக்காதவர்கள் அளவுக்குத் திரும்பிவிடுகிறது. செலவும் மிச்சம்.

அடுத்தது எண்ணெய். பலமுறை காய்ந்த எண்ணெயில் சமைத்த ஒரு வேளைச் சாப்பாடே அடுத்த சில மணி நேரத்துக்கு நொதியின் செயல்திறனைக் குறைத்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது. சேலத்தில் தட்டுவடை செட்டைக் குறை சொல்ல மனம் வராது. மேலே வைக்கும் பீட்ரூட், கேரட், வெங்காயத்தில் குற்றமில்லை. பார்க்க வேண்டியது தட்டுவடை பொரிந்த எண்ணெயை. கறுத்து, கெட்டியாகி, மேலே நுரை அடங்காமல் நின்று, சூடேறும் முன்பே புகைந்தால் அது தீர்ந்த எண்ணெய். எண்ணெய் காயக் காய அதில் சேரும் சிதைவுப் பொருள்களான மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.

மாதுளைக்குக் கிடைத்த புகழ் சும்மா வரவில்லை. தினம் 50 மில்லி சாறு, இரண்டு வாரத்தில் நொதியைச் சுமார் 20 சதவீதம் உயர்த்தியதாக 2000-இல் இஸ்ரேலில் வந்த சிறு ஆய்வு சொன்னது. ஆனால் பழத்தைத் தோலோடு பிழியும்போதுதான் தோலின் துவர்ப்புப் பொருள்களான டானின்கள் நிறைய இறங்குகின்றன. நாம் முத்துக்களை மட்டும் மிக்சியில் அடித்து, சர்க்கரையும் ஐஸும் போட்டுக் குடிப்பது வேறு பானம். சர்க்கரை சேர்க்காத 50 மில்லியிலேயே 6 கிராம் இனிப்பு உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் டம்ளர் கணக்கில் இறங்க வேண்டாம்.

மாத்திரைகளில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின்கள் நொதியைச் சிறிதளவு உயர்த்துகின்றன. ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைக்கும் ஃபைப்ரேட்டுகளில் முடிவுகள் முரண்படுகின்றன. ஸ்டாட்டின் எழுதித் தருவது கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைக் குறைத்து மாரடைப்பைத் தடுக்க. நொதி உயர்வது கொசுறு. சாறு குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவதுதான் இந்த ஒப்பீட்டில் ஆகமோசமான தேர்வு. எச்.டி.எல்.லை நன்றாக உயர்த்திய டார்செட்ராபிப் மருந்தின் பரிசோதனை, இறப்புகள் கூடியதால் 2006-இல் நிறுத்தப்பட்டது. ரத்த எண் ஏறினாலே இதயம் தப்பித்தது என்று ஆகாது.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி உடலில் மாறி உருவாகும் நச்சை இந்த நொதி உடைக்கும். ஆனால் தெளிப்பில் படும் அளவுக்கு முன்னால் எந்த உணவும் அதைப் போதுமாக்காது. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, காற்றுக்கு எதிராக அடிக்காமை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துத் துணி மாற்றுதல்: பாதுகாப்பு இவற்றில்தான்.

இந்த நொதியை அளக்கும் பரிசோதனை சாதாரண லேபில் வழக்கமில்லை. ஆய்வுக்காக ரத்தம் கொடுத்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற ரசாயனம் போட்ட ஊதா மூடிக் குழாய் ஆகாது. நொதி கால்சியத்தை நம்பி இயங்குவது, அந்த ரசாயனம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், செயல்திறன் சரிந்து காட்டும். சீரம் குழாயோ ஹெப்பாரின் குழாயோதான் வேண்டும்.