ஈஸ்ட்டா, சார்டோவா, மெஷினா? மடிப்பாக்கத்தில் ஒரு பிரட் கணக்கு

எங்கள் தெருமுனைக்குப் பள்ளி வேன் ஏழே காலுக்கு வந்துவிடும். அதற்குள் இரண்டு டப்பாவிலும் டிபன் போக வேண்டும், இரண்டு வயிற்றிலும் போக வேண்டும். வாரத்தில் நான்கு நாளை இட்லி மாவு பார்த்துக்கொள்ளும். மீதி நாளுக்குத்தான் பிரட். 2020 ஊரடங்கில் எல்லாரையும் போல நானும் வீட்டில் பிரட் சுட ஆரம்பித்தேன். எல்லாரும் விட்டுவிட்டார்கள், எனக்கு மட்டும் விடவில்லை.

நான்கு வழியிலும் சுட்டுப் பார்த்தாயிற்று. காலையில் பிசைந்து மதியம் எடுக்கும் ஒரே நாள் பிரட், துளி ஈஸ்ட் போட்டு ஃப்ரிட்ஜில் புளிக்க வைக்கும் மாவு, ஸ்டார்ட்டர் என்ற புளித்த மாவை வளர்த்துச் சுடும் சார்டோ, பிறகு பிரட் மெஷின். நான் ஃப்ரிட்ஜ் கட்சி. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளலாம்.

கடை பிரட்டோடு ஒப்பிட்டு நேரத்தைக் கழிக்கப் போவதில்லை. மெத்தென்று இருக்கும், எந்தத் தெருவிலும் கிடைக்கும். மைதா, ஈஸ்ட், கரண்ட் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வீட்டில் செய்வதால் பெரிய மிச்சமும் இல்லை. 2016இல் பிரட்டில் பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனம் இருப்பதாகச் செய்தி வந்து ஊரே பயந்தது. அதே ஆண்டு அதைத் தடை செய்துவிட்டார்கள். அந்தப் பயத்தைக் காட்டி வீட்டு பிரட்டுக்கு ஆள் சேர்ப்பது நியாயமில்லை. எனக்குக் காரணம் ருசிதான். அதற்கு அடுத்து, கடை பிரட்டில் இருக்கும் அந்தத் தித்திப்பு. மிளகாய்ப்பொடி தடவிச் சாப்பிடுகிற வீட்டில் பிரட் எதற்குத் தித்திக்க வேண்டும்?

ஒரே நாள் முறையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அரை கிலோ மாவுக்கு இரண்டு டீஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு மணி நேரம் உப்ப விடு என்று சொல்லும் குறிப்புகள் குளிர் ஊரில் எழுதப்பட்டவை. மே மாதம் நம் சமையலறையில் அந்த மாவு நாற்பது நிமிடத்தில் பாத்திரத்தைத் தாண்டிவிடும். வேகமாகப் பொங்கிய மாவில் ஈஸ்ட் வாடை தூக்கலாக இருக்கும், மறுநாள் துண்டு வறட்டிபோல் ஆகிவிடும். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, குளிர்ந்த தண்ணீர் விட்டால் கொஞ்சம் அடங்கும். திடீர் விருந்தாளிக்கு இந்த முறை போதும்.

மெஷின் பற்றி அளந்துதான் பேச வேண்டும். ஆபீஸ் நண்பர் ஒருவர் சும்மா கிடக்கிறது என்று கொடுத்ததை ஆறு வாரம் வைத்திருந்தேன், அவ்வளவுதான் என் அனுபவம். சாமான்களைப் போட்டுவிட்டுப் படுத்தால் மூன்று மணி நேரச் சொச்சத்தில் பிரட் தயார். காலையில் எழும்போது வீடு முழுக்க அந்த மணம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவில் கரண்ட் போய் வந்தால் என்னிடமிருந்த மெஷின் எந்த இடத்தில் நின்றோம் என்பதை மறந்துவிடும். ஜூன் மாதத்தில் இரண்டு முறை பாதி வெந்த மாவைக் கரண்டியால் சுரண்டினேன். வெயில் காலத்தில் மேல்பகுதி உப்பிவிட்டு நடுவில் குழிந்துவிடுவதும் உண்டு. ஐஸ் தண்ணீர் விட்டு, ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைத்த பிறகு அது சரியானது. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கும் நல்ல சாமான் என்றே நினைக்கிறேன். எங்கள் மேடையில் கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் நடுவே அதற்கு இடமில்லை.

உண்மையான போட்டி சார்டோவுக்கும் ஃப்ரிட்ஜ் மாவுக்கும்தான்.

ருசியில் சார்டோ ஒரு படி மேல். மறைக்க மாட்டேன். மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே ஈரமாக, நல்ல தயிர்போல ஒரு புளிப்பு. இன்னொரு நன்மை நம் ஊருக்குப் பெரிது: புளிப்பு இருப்பதால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்காது. சென்னை ஈரக்காற்றில் என் ஈஸ்ட் பிரட் மூன்றாம் நாள் பச்சை பூக்கும்போது, சார்டோ ஐந்தாம் நாளும் தாங்கியது.

ஆனால் ஸ்டார்ட்டர் என்பது வளர்ப்புப் பிராணி. மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து, காற்றிலும் மாவிலும் இருக்கும் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் குடியேற்றி, பிறகு விடாமல் சோறு போட வேண்டும். ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்கு ஒரு பங்கு மாவு, ஒரு பங்கு தண்ணீர் என்பது வழக்கமான கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணிக்கு அப்படிப் போட்டால் பத்து மணிக்குள் உச்சிக்கு ஏறி, நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போது தண்ணியாகத் தொய்ந்து, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையோடு உட்கார்ந்திருக்கும். தாங்க வேண்டுமானால் ஒன்றுக்கு ஐந்து, ஐந்து என்று போட வேண்டும். பத்து கிராம் ஸ்டார்ட்டருக்கு ஐம்பது கிராம் மாவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. மாதம் மூன்று கிலோ மாவு, பிரட்டில் சேராமலே. தூக்கிப் போட மனசில்லாமல் மிச்சத்தை ரவா தோசையில் கலந்தோம். தோசை பிரமாதம், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தினமும் ரவா தோசையா?

அம்மா ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் சொன்னாள்: "முப்பது வருஷமா இட்லிக்கு அரைக்கிறேன், ஒருநாளும் மாவுக்கு வேளாவேளைக்கு ஊட்டிவிட்டதில்லைடா."

கேலிதான், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. இட்லி மாவும் தானாகப் புளிப்பதுதான். உளுந்தோடு கூடவே வரும் லியுகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாதான் அதைப் பொங்க வைப்பதில் முக்கியம். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் புதிதாக ஆரம்பிக்கிறது, தீர்ந்ததும் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடலாம், பத்து நாள் ஊருக்குப் போகலாம். உயிரோடு காப்பாற்றி வைக்க எதுவும் இல்லை. சார்டோவில் காப்பாற்றுவதுதான் வேலையே. உறைமோர் மாதிரி என்று நானும் முதலில் நினைத்தேன். உறைமோர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கேட்கலாம். ஸ்டார்ட்டரை யாரிடம் போய்க் கேட்பது?

ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரம் ஒரு தடவை போதும் என்பார்கள். உண்மைதான், இரண்டு வாரம்கூடத் தாங்கும். மேலே கறுப்பாகத் தண்ணீர் பிரியும், அதை ஊற்றிவிட்டோ கலக்கிவிட்டோ மாவு போட்டால் எழுந்துகொள்ளும். (இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கோடு தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் மொத்தமும் குப்பைக்கு.) ஆனால் குளிரில் தூங்கியதை நேராக மாவில் போட்டால் சோம்பும். வெளியே எடுத்து இரண்டு வேளை ஊட்ட வேண்டும். ஞாயிறு காலை பிரட் வேண்டுமென்றால் வெள்ளி இரவே நினைவு வர வேண்டும். வெள்ளி இரவு எனக்கு எதுவும் நினைவு வருவதில்லை.

என் ஸ்டார்ட்டர் மூன்றரை வருஷம் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் கரண்ட் நாள்கணக்கில் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு என் மனைவி ஃப்ரிட்ஜைக் காலி செய்தபோது, நாறிப்போன இட்லி மாவோடு அந்தப் பாட்டிலையும் கவிழ்த்துவிட்டாள். மணத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது, அவள்மேல் தப்பில்லை. அலமாரியில் பிரிக்காத ஈஸ்ட் பாக்கெட் ஒன்று மட்டும் இருந்தது. அடுத்த பிரட்டை அதில்தான் சுட்டேன், பிறகு திரும்பிப் போகவில்லை.

அந்த முறை இதுதான். மைதா 400 கிராம், கோதுமை மாவு 100 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரை டீஸ்பூன், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் 350 மில்லி. கரண்டியால் கலந்தால் போதும், பிசைய வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை, கையை நனைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து இழுத்து நடுவில் மடிக்க வேண்டும். முதல் மடிப்பில் சேறு மாதிரி ஒட்டும், மூன்றாவதில் பரோட்டா மாவு மாதிரி வழவழப்பு வந்துவிடும். மே மாதம் வெளியே ஒரு மணி நேரம், மார்கழியில் இரண்டு மணி நேரம், பிறகு மூடி ஃப்ரிட்ஜில். மூன்று மடங்கு இடம் உள்ள பாத்திரமாக இருக்கட்டும். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், அந்த மெதுவில்தான் ருசி ஊறுகிறது. மறுநாளே சுடலாம், மூன்றாம் நாளும் சுடலாம்.

இந்தக் காத்திருப்புக்காகத்தான் நான் இதன் பக்கம். மற்ற முறைகளில் மாவு கூப்பிடும்போது நாம் ஓட வேண்டும். இது நமக்காக உட்கார்ந்திருக்கிறது. முதல் நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை என்று ஒரே மாவை ஓட்டிப் பழகிய வீட்டுக்கு இந்த வழக்கம் புதிதே இல்லை.

வேன் வருகிற நாளில் ஓடிஜி (மின்சார ஓவன்) பக்கமே போவதில்லை. காலையில் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக உருண்டை பிடித்து, பதினைந்து நிமிடம் மூடி வைத்து, எண்ணெய்க் கையால் தட்டி, தோசைக்கல்லில் போட்டு மூடினால் ஒரு பக்கம் இரண்டு நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு. தீ நடுத்தரமாக இருக்க வேண்டும், அதிகமானால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். முந்தின நாள் உருளைக்கிழங்குப் பொரியலை உள்ளே வைத்து மடித்தால் டப்பாவுக்கு ஆயிற்று. தக்காளித் தொக்கும் நன்றாகச் சேரும். வேர்க்கடலைச் சட்னி சுமார்தான், ரொட்டி அதை உறிஞ்சிக்கொண்டு விடுகிறது.

டின் பிரட் ஞாயிற்றுக்கிழமைக்கு. மாவை எடுத்துச் சுருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைத்து, டின் விளிம்புவரை வரும்வரை ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ விட்டு, நன்றாகச் சூடேறிய ஓடிஜியில் 200 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடம். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி மிகப் பக்கத்தில் இருப்பதால் இருபதாவது நிமிடம் அலுமினியத் தாளால் மூட வேண்டியிருக்கும். அடியில் தட்டினால் மிருதங்கத்துக்கு ரவை சரியாக ஒட்டினதுபோல் கும்மென்று கேட்க வேண்டும். ஆறுகிறவரை வெட்டாதீர்கள் என்று எழுதுவேன், எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

கரண்ட் செலவைப் பலரும் கேட்கிறார்கள். 1500 வாட் ஓடிஜி சூடேறும் நேரத்தையும் சேர்த்து ஐம்பது நிமிடம் ஓடினால், நடுநடுவே அணைந்து எரிவதைக் கழித்து ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கீழே. வாரம் ஒரு தடவை என்றால் இரண்டு மாதத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட். பில்லில் தெரியாது.

பராமரிப்பு என்று பார்த்தால் ஈஸ்ட் பாட்டிலை ஃப்ரீசரில் வைப்பது ஒன்றுதான். பிரித்த பாக்கெட்டை அலமாரியில் விட்டால் நம் ஊர் ஈரத்தில் சில வாரத்தில் செத்துவிடும். காற்றுப் புகாத சின்னப் பாட்டிலில் ஃப்ரீசரில் வைத்தது எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வந்திருக்கிறது. வாங்கும்போது இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் பெரிய மணியாக இருக்கும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட்டை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், இந்தக் குளிர்ந்த தண்ணீர்க் கணக்கு அதற்குச் சரிப்படாது.

சுட்ட பிரட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்காது, ஆனால் வெளியே இருப்பதைவிட வேகமாக வறண்டுவிடும். ஆறினதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்தால், காலையில் நேராக தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு வாட்டி, மிளகாய்ப்பொடி தூவி எடுக்கலாம். சார்டோ நான்கைந்து நாள் தாங்குகிறதே என்ற வாதம் ஃப்ரீசருக்கு முன்னால் எனக்குப் பலவீனமாகத்தான் படுகிறது.

கோதுமையைக் கூட்டலாமா என்றால், பாதிவரை நான் போயிருக்கிறேன். மில்லில் அரைத்த மாவு தண்ணீர் நிறையக் குடிக்கும், முப்பது நாற்பது மில்லி கூட விட வேண்டும், உயரமும் குறையும். முழுக் கோதுமையில் இரண்டு தடவை செய்ததும் செங்கல்தான். கேழ்வரகு, கம்பு கலந்து பார்த்ததில்லை.

வீட்டில் யாராவது நாள் முழுக்க இருந்து, மாவு வளர்ப்பதே சந்தோஷம் என்றால் சார்டோவுக்குப் போங்கள், அந்த ருசி இதில் முழுசாக வராது. நான்காம் நாள் மாவில் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அதற்குள் மாவு தளர்ந்துபோய் டின்னில் எழும்பாது. அந்த மிச்சத்தை அம்மா எடுத்துக்கொள்கிறாள். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி பொடியாக நறுக்கி மேலே அழுத்தி, கனமாகத் தட்டி, மூடிபோட்டுச் சுடுகிறாள். அதற்குப் பெயர் ஊத்தப்பம் என்றுதான் சொல்கிறாள்.