அறுவடை வசூலா, வைப்பு நிதியா?

குளம் தூர்வாரும், பிள்ளைகளுக்குப் படிப்புதவி தரும் டெல்டா அறக்கட்டளைகளில் அடிக்கடி வரும் கேள்வி இது: வருஷா வருஷம் வசூலித்து ஓட்டுவதா, ஒரு தொகையை வங்கியில் போட்டு வட்டியில் நடத்துவதா?

வரவு:
வசூல், தை மாசி சம்பா அறுவடையை நம்பியது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவைப் பணமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். 2018 நவம்பரில் கஜா அடித்ததே, அந்த மாதிரி வருஷத்தில் கொடுப்பவரே கையேந்தும் நிலை.
வைப்பு நிதிக்குப் புயல் தெரியாது.

விலைவாசி:
இங்கே வசூல்தான் மேல். நெல் விலை ஏறினால் நன்கொடையையும் கூட்டிக் கேட்கலாம்.
10 லட்சத்துக்கு 6 சதவீத வட்டி என்றால் 60,000 ரூபாய். பத்து வருஷம் கழித்தும் அதே 60,000தான். கல்லூரிக் கட்டணம் அப்படியே நிற்குமா? வட்டியில் ஒரு பங்கை அசலில் சேர்க்கத்தான் வேண்டும்.

வரி:
பதிவு பெற்ற அறக்கட்டளை, வட்டி உட்படத் தன் வருமானத்தில் 85 சதவீதத்தைப் பொதுவாக அந்த நிதியாண்டிலேயே செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம்.
மூலதன நிதிக்கென்று, அதாவது அசலாகவே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்த நன்கொடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அந்தப் பணம் வங்கி வைப்பு போன்ற அனுமதித்த முதலீட்டில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் தணிக்கையாளரிடம் போனால் வீண் வாக்குவாதம்தான்.

அலைச்சல்: வசூலுக்கு அதிகம், வைப்புக்குக் குறைவு.

வாய்க்கால் வேலைக்கு வசூல் போதும், நிதி குறைந்தால் அடுத்த கோடைக்குத் தள்ளலாம். மூன்று வருஷப் படிப்புக்குப் பொறுப்பேற்றிருந்தால் வைப்பு நிதி இல்லாமல் இறங்காதீர்கள்.