குன்னூர் பெட்ஃபோர்டு பக்கத்துக் குழந்தைக் காப்பகம்: ஆறு மாதக் கைக்குழந்தையையும் சேர்த்துக்கொள்கிறார்கள்

வேலைக்குப் போகிற அம்மாக்களுக்காக எழுதுகிறேன், குறிப்பாக இரண்டாவது வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு. ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில்தான் நடக்கிறது இந்தக் காப்பகம், வெளியே பெரிய போர்டு கூடக் கிடையாது. ஆனால் நான் விசாரித்த மற்ற இடங்களில் எல்லாம் இரண்டரை வயசு ஆகணும், பாத்ரூம் வந்தால் சொல்லத் தெரியணும் என்றார்கள். இங்கே மட்டும்தான் ஆறு மாதத்தில் வாங்க என்றார்கள்.

அந்த ஆறு மாதம்தான் விஷயமே. சம்பளத்தோடு பேறுகால விடுப்பு 26 வாரம், 2017-க்கு முன்னால் 12 வாரம்தான். அங்கன்வாடியில் உட்காரவைக்க 2 வயசாவது ஆக வேண்டும், அதுவரை வீட்டுக்குச் சத்துமாவு கொடுப்பார்கள், அவ்வளவுதான். நடுவில் ஒன்றரை வருஷம் பிள்ளையை யார் பார்ப்பது? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, குன்னூரில் எத்தனை ஆபீசில் 50 பேர் இருக்கிறார்கள்? என் அம்மா கோவையில், மூட்டுவலிக்கு இந்தக் குளிர் ஆகவே ஆகாது. என் தோழிகள் பலர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டதும் ஆசை இல்லாமல் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல்தான்.

சரி, காப்பகத்துக்கு வருகிறேன். ஆயாம்மா வெந்நீரில் கை கழுவித் துடைத்து, தன் கன்னத்தில் வைத்துச் சில்லென்று இல்லையே என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குகிறார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரித் தெரியவில்லை. ஐப்பசி மழையில் ஒரு துணி காயாத ஊர் இது, இங்கே ஹீட்டரைக் கம்பி வலைக்குப் பின்னால் வைத்து நனைந்த துணியை உலர்த்தி மடித்துக் கொடுக்கிறார்கள். எடுத்து வைத்த தாய்ப்பாலைக் கொண்டு போனால் பேர் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறார்கள், அது தீர்ந்தால் போன் பண்ணிக் கேட்காமல் வேறு எதுவும் கொடுப்பதில்லை.

குறை என்றால் நேரம். ஐந்தரைக்கு மூடிவிடுகிறார்கள், சனிக்கிழமை மதியம் வரைதான், ஷிப்ட் பார்க்கிற நர்சுகளுக்கு இது உதவாது. மாதம் 6,000 ரூபாய் என்பது கொழுந்து பறிக்கப் போகிறவர்களால் நினைத்தே பார்க்க முடியாத தொகை. 50 பெண்கள் வேலை செய்கிற எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிகளிடம் கூலிக்குப் போகிற பெண்களுக்கு அதுவும் பொருந்தாது. அவர்களுக்கும் ஊருக்கு ஒன்று இப்படி வேண்டும், அரசுதான் நடத்த வேண்டும்.

எனக்கு இரண்டாவது பிறக்கப்போகிறது. இந்த இடம் இல்லையென்றால் நிச்சயமாக வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கைக்குழந்தைகளுக்கு இடம் ரொம்பக் குறைவு, அதனால் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே போய்ப் பேர் கொடுத்துவிடுங்கள். மதியம் பிள்ளைகள் சாப்பிடுகிற நேரத்தில் போனால் உள்ளே வந்து பார்க்கவும் விடுவார்கள்.