பாங்கொக்கில் ‘சாப்பாடு எல்லாம் அடக்கம்’ என்று கூட்டிக்கொண்டு போனால் கவனம்: 138,700 ரூபா போய்விட்டது

138,700 ரூபா. ஒரே ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் கார்ட்டிலிருந்து உருவிய தொகை இது. யாழ்ப்பாணம் வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. ஆனால் இந்தப் பள்ளி விடுமுறைக்குள் எத்தனை குடும்பம் இதே இடத்தில் போய் விழப்போகிறதோ என்று நினைக்க நெஞ்சு பதறுகிறது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

2024 ஜூலையில் இலங்கையரும் விசா இல்லாமல் வரலாம் என்று தாய்லாந்து அறிவித்ததிலிருந்து, வெளிநாட்டு உறவுகளை பாங்கொக்கில் சந்திப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. நாங்களும் அப்படித்தான் போனோம். அக்காவும் அத்தானும் டொரண்டோவிலிருந்து வந்தார்கள். இங்கிருந்து நான், கணவர், அம்மா. அத்தானுக்கும் எனக்கும் போகிற ஊரில் என்ன புதிதாகச் சாப்பிடலாம் என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. சுற்றுலாக்களை முன்பதிவு செய்து தரும் ஒரு பெரிய ஆப்பில், சைனாடவுனில் விசித்திரமான உணவுகளைச் சுவைக்கும் இரவு நடை ஒன்று இருந்தது. ‘உணவு அனைத்தும் கட்டணத்தில் அடக்கம்’ என்று போட்டிருந்தார்கள். தமிழ் பேசும் வழிகாட்டி என்றும் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு வசதி என்று ஐந்து பேருக்கும் முழுக் காசையும் முன்கூட்டியே கட்டினோம்.

சந்திக்கச் சொன்ன இடம் சீலோம் வீதி மாரியம்மன் கோயில் வாசல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர் கட்டிய கோயில், தாய்லாந்துச் சனமும் சாமந்தி மாலையோடு நிறைந்து நிற்கிற இடம். நாங்கள் கும்பிட்டுவிட்டு வெளியே வர, நெற்றியில் திருநீற்றோடு ஒரு பெடியன் நின்றான், அவன்தான் வழிகாட்டி. “வணக்கம் அம்மா” என்று அம்மாவுக்குத்தான் முதலில் சொன்னான். யாழ்ப்பாணம் என்றதும் நல்லூர்த் திருவிழா எந்த மாதம் என்று விசாரித்தான். வீதியைக் கடக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா மெட்ரோவில் என் காதுக்குள் “நல்ல வளர்ப்பு” என்றா. அந்த ஒரு சொல்லோடு எங்கள் எல்லோருக்கும் இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போய்விட்டது. அவன் குறிவைத்ததும் அதைத்தான்.

வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கி, சைனாடவுனின் யாவராத் வீதிக்குப் போனோம். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தெருவோரத் தள்ளுவண்டிக்காரர் ஒருவரும் எங்களை ஏமாற்றவில்லை. பொரித்த மூங்கில் புழு, வெட்டுக்கிளி, பட்டுப்புழுவின் கூட்டுப்புழு எல்லாம் சாப்பிட்டோம். மூங்கில் புழு வாயில் போட்டதும் ஓமப்பொடி மாதிரி நொறுங்கிக் கரைகிறது. அத்தான் இரண்டு பொட்டலம் முடித்தார். ஒரு கடைக் கண்ணாடிக்குள் காய்ந்த கடலட்டை அடுக்கியிருந்தது. எங்கள் கடலில் பிடித்து, அரியாலையிலும் கிளாலியிலும் வளர்த்து ஏற்றுமதி செய்கிற அதே சாமான். அம்மா நின்று பார்த்துவிட்டு, “இதை ஆர் சாப்பிடுகினம் எண்டு இண்டைக்குத்தான் கண்டன்” என்றா. அதுவரை நல்ல இரவு.

பிறகு அவன் மழை வரப்போகிறது, கடைசி நிறுத்தத்துக்குப் போவோம் என்று சொல்லி, பக்கத்துச் சந்துக்குள் தொட்டிகளில் உயிரோடு கடலுணவு வைத்திருக்கிற ஓர் உணவகத்துக்குள் கூட்டிப்போனான். வாசலிலேயே கேட்டேன்.

“தம்பி, இதுக்குத் தனியாகக் காசு கட்ட வேணுமோ?”

“இல்லை அக்கா, எல்லாம் அடக்கம். பெரிய ஆற்று இறால் வேணுமென்றால் மட்டும் மேலதிகம்.”

தொட்டிக்கு மேலே பலகையில் 450 என்று எழுதி, அதன் கீழே தாய் எழுத்தில் ஏதோ இருந்தது. கணவர் விரலை வைத்துக் காட்டி, “கிலோவுக்கா?” என்று கேட்டார். அவன் தலையாட்டி “கிலோவுக்குத்தான்” என்றான். நாங்கள் இருவரும் கேட்டோம், இரண்டு தடவையும் அவன் முகம் பார்த்துத்தான் பொய் சொன்னான். இறாலைத் தண்ணீர் ஒழுக ஒழுகப் பிளாஸ்டிக் கூடையோடு தராசில் வைத்தார்கள். கணவர் வீடியோ எடுத்திருக்கிறார், கூடையிலிருந்து தண்ணீர் தராசின் மேல் வழிவது தெரிகிறது.

மெனு தரவில்லை. தட்டுக்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. சுட்ட இறால், கடலட்டைக் குழம்பு, கரியில் சுட்ட குதிரைலாட நண்டின் முட்டையைப் புளிமாங்காயோடு கலந்த சாலட். ஒவ்வொன்றுக்கும் அவன் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னான். கடைசித் தட்டு வந்ததும் போன் வருகிறது என்று வெளியே போனான். திரும்பி வரவில்லை.

பில் வந்தது: 14,800 பாட். 450 என்பது கிலோவுக்கு இல்லையாம், ஒரு ‘கீட்’டுக்காம். தாய் சந்தைகளில் கீட் என்றால் நூறு கிராம். ஒரு கிலோ முந்நூறு கிராம் இறாலுக்கு 585 பாட் வர வேண்டிய இடத்தில் 5,850. கடலட்டைக்குத் தனி, சாலட்டுக்குத் தனி. கை துடைக்கிற ஈரத்துணிக்கு ஐந்து பேர் கணக்கு. அன்று வெள்ளிக்கிழமை. அம்மா மச்சம் தொடவே இல்லை, தண்ணீரும் இரண்டு துண்டு வத்தகப்பழமும்தான். அவவுக்கும் ஆள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

வாக்குவாதப்பட்டோம். வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அடிக்கவில்லை, தொடவில்லை, வழியை மறித்து நின்றார்கள். அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. “பிள்ளை, காசைக் குடுத்திட்டு வா, வெளியில போவம்” என்றா. என் கார்ட்டைக் கொடுத்து இரகசிய இலக்கத்தை அழுத்தினேன். மாற்று விகிதமும் வங்கிக் கட்டணமும் சேர்ந்து 138,700 ரூபா. கணக்கில் அந்த உணவகத்தின் பெயர்கூட இல்லை, வேறெதோ வியாபாரப் பெயர் விழுந்திருக்கிறது.

இன்னொரு விஷயம், காசைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. குதிரைலாட நண்டில் தாய்லாந்தில் இரண்டு வகை இருக்கிறது. கண்டல் காட்டுப் பக்கம் இருக்கிற, உருண்டை வாலுள்ள சிறிய வகையில் எங்கள் பேத்தை மீனில் இருக்கிற அதே நஞ்சு இருக்கலாம். சுட்டாலும் அவித்தாலும் அது போகாது. அதைத் தின்று அங்கே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வால் முக்கோணமாக இருக்கிற பெரிய வகையைத்தான் சாப்பிடுவார்கள். எங்களுக்கு வைத்தது எது? வாலே இல்லாமல், முட்டையை வழித்தெடுத்துக் கலந்துதான் தட்டு வந்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வழிகாட்டியின் இலக்கத்துக்கு எடுத்தால் முதலில் “நெட்வேர்க் சரியில்லை அக்கா, பிறகு எடுக்கிறேன்” என்றான். பிறகு தடுத்துவிட்டான். ஆப்பின் அரட்டைப் பெட்டியில் எழுதினேன். “உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்” என்று ஒரு வரி. அதற்குப் பிறகு சுற்றுலா நடத்துபவரிடம் கேட்கிறோம் என்றார்கள். அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? நாங்களாகத்தான் அந்த உணவகத்துக்குப் போகக் கேட்டோமாம்! ‘அனைத்தும் அடக்கம்’ என்று இருக்கிற ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். அந்த உணவகம் பயண நிரலில் இல்லாதபடியால் அது எங்கள் தனிப்பட்ட செலவு என்றார்கள். அவர்களுடைய ஆள்தானே கூட்டிப்போனது என்று கேட்டதற்கு, அடுத்த முன்பதிவில் கழித்துக்கொள்ளப் பத்து டொலர் கூப்பன். 138,700 ரூபாவுக்குப் பத்து டொலர்! அதோடு முறைப்பாடு மூடப்பட்டது என்று மின்னஞ்சல்.

வங்கிக் கிளைக்குப் போனால், இலக்கத்தை நீங்களே அழுத்தியதால் இது மோசடி என்ற கணக்கில் வராது என்கிறார்கள். படிவம் ஒன்று நிரப்பித் தந்தேன். கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம், பொறுங்கோ என்ற ஒரே பதில்தான் ஒவ்வொரு முறையும்.

போகிறவர்களுக்கு அவசரமாகச் சில விஷயம். தொட்டிக்கடையில் விலைப்பலகையைப் படம் எடுத்து, போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள், கீட் என்று வந்தால் பத்தால் பெருக்குங்கள். தராசில் நிறுத்த பிறகு மொத்த விலையைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், தராவிட்டால் எழும்பி வாருங்கள். குதிரைலாட நண்டு வேண்டவே வேண்டாம். பிரச்சினை என்றால் கார்ட்டைக் கொடுப்பதற்கு முதல், உணவகத்துக்குள் இருந்தபடியே 1155க்கு எடுங்கள். அது சுற்றுலாப் பொலிஸ், ஆங்கிலத்தில் பேசலாம். ஹோட்டலுக்கு வந்த பிறகுதான் அந்த இலக்கம் எங்களுக்குக் கிடைத்தது.

அப்புறம், சீலோம் கோயில் வாசலில் சந்திப்பு, தமிழ் பேசும் வழிகாட்டி, யாவராத் இரவு உணவு நடை என்று யாராவது ஏற்கெனவே காசு கட்டியிருந்தால் தயவுசெய்து போவதற்கு முன் எனக்குத் தனியாக எழுதுங்கள். அவனுடைய படமும் அந்தச் சந்தின் வீடியோவும் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். இதே ஆளிடம் முன்பே காசை விட்டவர்கள் இருந்தாலும் எழுதுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து முறைப்பாடு கொடுத்தால் அந்த ஆப்காரர் மூடிய முறைப்பாட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.