மூணு ஆப்பை ஒண்ணாச் சேர்க்கப் போய் 1,499 ரூபாயைத் தொலைத்த கதை

சேலத்தில் சைக்கிள் மிதிக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், மூக்கனேரிக் கரையில் நடக்கிறவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள். “உங்கள் எல்லா ஆப்களின் கணக்கையும் ஒரே திரையில் சேர்த்துத் தருகிறோம்” என்று விளம்பரம் வந்தால் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். நான் பட்டுவிட்டேன். புகார் கொடுத்திருப்பதால் அந்த ஆப்பின் பெயரை இங்கே போடவில்லை.

ஞாயிறு காலை அஸ்தம்பட்டியில் கிளம்பி கோரிமேடு, அடிவாரம், இருபது கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு ஏரி, ஒரு டீ, அப்புறம் இறக்கம். இது என் வழக்கம். போன தடத்தை ஸ்ட்ராவா என்ற ஆப் பதிவு செய்யும். இதயத்துடிப்பும் தூக்கமும் கையில் கட்டிய பட்டையில் இருக்கும். அடிகளைப் போன் எண்ணும். சர்க்கரை லேசாக எட்டிப் பார்த்ததால், மூன்று மாதக் கணக்கை எடுத்து வரச் சொன்னார் டாக்டர். மூன்று ஆப்பையும் அவர் முன்னால் திறந்து காட்டிக்கொண்டிருக்க முடியுமா? அந்த நேரம் பார்த்து இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஏழு நாள் இலவசம், அப்புறம் வருடத்துக்கு 1,499.

ஸ்ட்ராவாவை இணைத்தபோது அதன் சொந்தப் பக்கம் திறந்து, “இவர்களுக்கு அனுமதி தரலாமா?” என்று கேட்டது. அதுதான் முறை. பட்டைக்கு மட்டும், அதன் பாஸ்வேர்டை நேராகத் தங்கள் பெட்டியிலேயே போடச் சொன்னார்கள். அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். போட்டேன்.

மறுநாள் திறந்து பார்த்தால், ஒரே காலையில் நான் 3,600 மீட்டர் ஏறியிருக்கிறேன்! தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற்றம் சுமார் 1,200 மீட்டர். ஆக, ஒரே பயணம் மூன்று தடவை கணக்கில் ஏறியிருக்கிறது. அதில் ஒன்று சனிக்கிழமை இரவு 11:45-க்குக் கிளம்பியதாக இருந்தது. எட்டிப் பார்த்த என் மனைவி, “அந்நேரம் பக்கத்துல குறட்டை விட்டது யாருங்க?” என்றாள்.

அந்த 11:45-ஐக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. தடத்தைச் சேமித்து வைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புகளில் நேரம் சர்வதேச நேரத்தில் (யுடிசி) இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஞாயிறு காலை 5:15 அங்கே சனி இரவு 11:45. ஸ்ட்ராவா தடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பட்டையின் பதிவை நம் நேரத்தில் எடுத்தால் அவை இரண்டு பயணமாகத்தானே தெரியும்? மூன்றாவது இன்னும் வேடிக்கை. இந்த ஆப் தான் சேர்த்ததை ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்டில், அதாவது உடல்நல ஆப்கள் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் பொது இடத்தில், எழுதுகிறது, பிறகு தானே அதைப் படித்துப் புதுப் பயணம் என்று கூட்டிக்கொள்கிறது. எழுதும் அனுமதியும் நான் கொடுத்ததுதான். படிக்க மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் போதும்.

சரி, வேண்டாம் என்று ஆறாவது நாள் ஆப்பிலேயே ரத்து செய்தேன். ‘ரத்தானது’ என்று பச்சையில் காட்டியது. எட்டாவது நாள் பணம் போய்விட்டது. பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ள நான் கொடுத்த யூபிஐ ஆட்டோபே அனுமதி உயிரோடு இருந்திருக்கிறது; அதை யூபிஐ ஆப்பில் போய்த் தனியாக நிறுத்த வேண்டும். பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. 1915-ல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

என் கணக்கையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு மாதக் கூட்டுத்தொகை போட்ட ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். அதிலும் அதே மும்மடங்கு.

கடைசியில் வேலையை முடித்தது காசில்லாத வழி. ஸ்ட்ராவா இணையதளத்தில் கணக்கு அமைப்புக்குள் போனால் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளக் கேட்கலாம். மின்னஞ்சலில் ஜிப் கோப்பு வரும். அதிலுள்ள பட்டியலை எக்செல்லில் திறந்து நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினேன். தூரமும் ஏற்றமும் ஸ்ட்ராவாவிலிருந்து, துடிப்பும் தூக்கமும் பட்டையிலிருந்து. சைக்கிள் நாளில் போன் எண்ணிய அடிகளை விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம்தான் ஆனது. டாக்டர் அரை நிமிடம் பார்த்தார்.

ஆப்பை அழித்ததோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த திங்கள் மின்னஞ்சல்: “இந்த வாரம் 62 கிலோமீட்டர், அருமை!” ஆப் போனில் இல்லை, தகவல் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. 2017-ல் ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் ஓடியவர்களின் தடம் பளிச்சென்று தெரிந்ததை 2018 ஜனவரியில் ஒரு மாணவர் கவனித்துச் சொன்ன பிறகுதான் உலகமே விழித்தது. என் தடமோ தினமும் என் வீட்டு வாசலில் தொடங்குகிறது. ஞாயிறு ஐந்தேகாலுக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்குத் தெரியும்.

ஸ்ட்ராவா அமைப்பில், இணைத்த ஆப்களின் பட்டியலுக்குப் போய் அனுமதியை ரத்து செய்தேன். ஹெல்த் கனெக்டிலும் எடுத்தேன். பட்டையின் பாஸ்வேர்டை மாற்றினேன். வீட்டைச் சுற்றியுள்ள தடத்தை மற்றவர்களுக்கு மறைக்கும் வசதியையும் போட்டேன். அந்த ஞாயிறு மழையில் நனைந்துகொண்டே ஏற்காடு போய் வந்தேன். திங்கள் காலை மின்னஞ்சல்: “இந்த வாரம் 0 கிலோமீட்டர். சோம்பல் வேண்டாம், எழுந்திருங்கள்!”