டிஎம்எஃப், டிஹெச்எஃப், டைஆக்ஸேன்: காரைக்குடி வெயிலுக்கு எது?

நீளமான பாலிஸ்டைரீன், அதன் நுனியில் குட்டையாகப் பாலிஅக்ரிலிக் அமிலம். இப்படி இரண்டு பாலிமர் சங்கிலிகளை நுனியோடு நுனி இணைத்ததுதான் பிளாக் கோபாலிமர். இதைத் தண்ணீரில் அப்படியே போட்டால் கரையாது. டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு), டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்), டைஆக்ஸேன் என இரண்டு துண்டுக்கும் ஒத்துப்போகும் ஒரு கரைப்பானில் கரைத்துவிட்டு, அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். பாலிஸ்டைரீன் உள்ளே ஒதுங்கும், அமிலம் வெளியே ஒட்ட வெட்டிய கிராப்பு மாதிரி நிற்கும். 1995இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜாங்கும் ஐசன்பெர்க்கும் இந்த வகைப் பாலிமரிலிருந்து உருண்டை, கம்பி, வெசிக்கிள் என எல்லாம் எடுத்துக் காட்டினார்கள். வெசிக்கிள் என்றால் சுற்றிச் சுவர், நடுவே வெளி. நம் ஊர் வீட்டு வளவு மாதிரி.

எந்த வடிவம் வரும் என்பதில் கரைப்பானுக்குப் பெரிய பங்கு உண்டு. எது எதோடு ஒத்துப்போகும் என்று காட்டும் கரைதிறன் அளவெண் பாலிஸ்டைரீனுக்குச் சுமார் 18.5. டிஹெச்எஃப்புக்கு 18.6, டைஆக்ஸேனுக்கு 20.5, டிஎம்எஃப்புக்கு 24.8. எண் நெருங்க நெருங்கக் கரைப்பான் உள்கருவில் தங்கி அதை ஊத வைக்கும். கரு பெருத்தால் சங்கிலிகள் விறைப்பாக நீள வேண்டும். அந்த இறுக்கம் தாங்காமல் உருண்டை கம்பியாகும், கம்பி வெசிக்கிளாகும்.

டிஎம்எஃப்பில் பெரும்பாலும் உருண்டைதான். கொதிநிலை 153 டிகிரி, ஆவியாகும் பயமில்லை. ஆனால் வெளியேற்ற டயாலிசிஸ் பையில் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) நாள்கணக்கில் தண்ணீர் மாற்ற வேண்டும், கல்லீரலுக்கும் ஆகாது.

டிஹெச்எஃப் வெசிக்கிளுக்குத் தோதானது. சிக்கல் அதன் 66 டிகிரி கொதிநிலை. சித்திரை மதியம், மின்சாரம் போய் ஏசி நின்றுவிட்டது. குப்பியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தெளிவாக இருந்த கரைசலில் லேசாக நீலம் ஓடியது, அடுத்த சில சொட்டில் பால் போல வெளுத்தது. துகள்கள் உருவாகின்றன என்பதன் அடையாளம் அது. சந்தோஷமாகத்தான் இருந்தது. எடை போட்டபோதுதான் புரிந்தது: மூடியில் ஊசி குத்திய துளை வழியாக டிஹெச்எஃப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் குறித்து வைத்த தண்ணீர் விகிதம் எதுவுமே உண்மையில்லை.

அதனால் நான் டைஆக்ஸேன் பக்கம். 101 டிகிரியில் கொதிக்கிறது, தண்ணீரை ஒட்டியே. தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் உருண்டை, கம்பி, வெசிக்கிள் மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. புட்டியை ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், 12 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். புற்றுநோய் சந்தேகமும் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உருவாகும் ஆபத்தும் இதற்கு உண்டு, ஃப்யூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) இல்லாமல் தொடவே கூடாது.

டிஹெச்எஃப்தான் வேண்டும் என்றால் அதிகாலையில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் விட்ட பிறகும் குப்பியை எடை போடுங்கள். வேண்டிய வடிவம் வந்ததும் நிறையத் தண்ணீரில் சட்டென்று ஊற்றிவிடுங்கள். கரைப்பான் வெளியேறி, பாலிஸ்டைரீன் கண்ணாடி போல இறுகி, வடிவம் அப்படியே நின்றுவிடும்.